ரோலரில் பத்மினிக்கு பெயிண்ட்: வீட்டு வாசலிலேயே அடித்து முடிப்பது எப்படி

எங்கள் வீட்டு பிரீமியர் பத்மினி கார் 1984 மாடல், க்ரீம் நிறம். அப்பா வாங்கியபோது என்ன நிறமோ இன்றைக்கும் அதே நிறம்தான். ஆனால் இப்போது அதன் மேல் இருக்கும் பெயிண்ட், நானும் தம்பியும் திருச்சி வீட்டு போர்ட்டிகோவில் வைத்து நான்கு அங்குல ஸ்பஞ்ச் ரோலரில் அடித்தது. பார்க்கிறவர்கள் எந்த ஷெட்டில் கொடுத்தீர்கள் என்று கேட்கிறார்கள். ரோலர் என்று சொன்னால், சுவருக்கு அடிக்கிற ரோலரா என்று பானட் மேல் விரலை வைத்துத் தேய்த்துப் பார்க்கிறார்கள். அவர்களுக்கு ஒவ்வொரு தடவையும் வாயால் சொன்னதைத்தான் இங்கே முறையாக எழுதுகிறேன். பத்மினி, அம்பாசடர், ஹெரால்டு, பழைய ஜீப் என்று எதற்கும் இது பொருந்தும்.

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிடலாம். காருக்கு ஸ்ப்ரே தவிர வேறு எதிலும் பெயிண்ட் அடிக்கக் கூடாது என்று ஒன்றும் இல்லை. 1920கள் வரைக்கும் கார்களுக்கு, குதிரை வண்டிக்கு அடிப்பது போல, பெரும்பாலும் கையால் பிரஷில்தான் வார்னிஷும் எனாமலும் அடித்தார்கள். ஒரு கார் காய்ந்து வெளியே வரவே பல நாள், சில சமயம் வாரங்கள் ஆகும். அமெரிக்காவில் 1924 மாடல் ஓக்லாண்டு கார்களுக்கு சீக்கிரம் காய்கிற டூக்கோ என்ற லாக்கர் பெயிண்டை அடிக்க ஆரம்பித்த பிறகுதான் ஸ்ப்ரே பரவியது. அதாவது ஸ்ப்ரே வந்தது வேகத்துக்காக. நமக்கு வேகம் தேவையில்லை, கார் எப்படியும் வீட்டில் சும்மா நிற்கிறது.

இதில் ரோலர் அடிக்கிற நேரம் மிகக் குறைவு. மொத்த வேலையில் முக்கால்வாசி தேய்ப்பதுதான். தேய்க்கப் பொறுமை இருந்தால் வண்டி நன்றாக வரும், இல்லையென்றால் எவ்வளவு விலை உயர்ந்த பெயிண்ட் வாங்கினாலும் கதவு ஆரஞ்சுத் தோல் மாதிரிதான் இருக்கும். மெட்டாலிக் நிறம் வேண்டுமென்றால் இந்த வழியே வேண்டாம். அந்த மினுமினுப்புத் துகள்களை ரோலரால் ஒரே சீராகப் படிய வைக்க முடியாது, பட்டை பட்டையாகத் தெரியும். வெறும் நிறங்கள் மட்டும்தான் சரிவரும். நல்ல வேளையாக நம் ஊர்ப் பழைய கார்களில் பெரும்பாலும் வெள்ளை, க்ரீம், நீலம், கறுப்பு, பச்சை என்று வெறும் நிறங்கள்தான்.

என்ன பெயிண்ட் வாங்குவது

வீட்டு கேட்டுக்கும் ஜன்னல் கம்பிக்கும் அடிக்கிறோமே, அந்த சிந்தடிக் எனாமல், பளபளப்பு தருகிற க்ளாஸ் ரகம். நல்ல கம்பெனி எதுவாக இருந்தாலும் சரி. ஷெட்டில் அடிக்கிற என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பெயிண்டை ரோலரில் அடிக்க முடியாது, உருட்டும்போதே காய்ந்து இழுத்துக்கொள்ளும். இறுக வைக்கும் ஹார்ட்னர் கலக்கிற பி.யூ. (பாலியூரித்தேன்) பெயிண்ட் பக்கம் வீட்டில் போகவே போகாதீர்கள். அந்த ஹார்ட்னரில் உள்ள ஐசோசயனேட் நுரையீரலைக் கெடுக்கும், ஆஸ்துமாவைக் கொண்டுவரும். அதற்கென்று தனிப் பாதுகாப்பு உள்ள இடத்தில் செய்ய வேண்டிய வேலை அது.

சிந்தடிக் எனாமல் காய்கிற விதத்தைப் புரிந்துகொண்டால் பாதித் தப்புகள் நடக்காது. உள்ளே இருக்கும் டர்பன்டைன் முதலில் ஆவியாகிப் போகும், அப்புறம் பெயிண்டில் உள்ள எண்ணெய்ப் பிசின் காற்றிலிருந்து ஆக்ஸிஜனை எடுத்து மெதுவாக இறுகும். அதனால் காற்று படுகிற மேல்பக்கம்தான் முதலில் இறுகும். தடிமனாக அடித்தால் பாலில் ஏடு கட்டுவது போல மேலே தோல் கட்டி, உள்ளே ஈரமாகவே இருந்து, இரண்டு நாளில் சுருங்கி நெளிந்துவிடும். மெல்லிசாக ஐந்தாறு கோட் அடிக்க வேண்டும் என்று சொல்வதன் காரணம் இதுதான்.

வெள்ளை எனாமல் நாளடைவில் மஞ்சளிக்கும், அதிலும் வெயில் படாத இடத்தில் நிற்கிற வண்டியில் சீக்கிரம் மஞ்சளிக்கும். க்ரீமில் அது தெரியாது. இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன், பின்னாடி வருத்தப்படக் கூடாது: எனாமல் அடித்த வண்டி மேல் நாளைக்கு ஷெட்டில் என்.சி. அடிக்கச் சொன்னால் அதில் கலக்கிற தின்னர் பட்டு அடியிலுள்ள எனாமல் பொரிந்து எழும்பும். அப்போது எல்லாவற்றையும் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் மறுபடி ஆரம்பிக்க வேண்டியிருக்கும்.

அளவு: பத்மினி மாதிரி வண்டிக்கு நான்கு லிட்டர் போதும், மீதியும் இருக்கும். கடையில் ஒரே பேட்ச் எண் உள்ள டின்னாகப் பார்த்து வாங்குங்கள். கலர் மெஷினில் கலந்து வாங்கினால் முழு அளவையும் ஒரே தடவையில் கலக்கச் சொல்லுங்கள், ஒரு லிட்டர் குறைகிறது என்று மறு வாரம் போனால் அதே நிறம் கிடைக்காது.

கூடவே வாங்க வேண்டியவை: நெருக்கமான, வழவழப்பான ஸ்பஞ்சில் செய்த நான்கு அங்குல ரோலர் பத்தாவது வேண்டும், ஒவ்வொரு கோட்டுக்கும் புதிது. நூல் ரோலர் வேண்டாம், முடி உதிரும். இரண்டு அங்குல நல்ல பிரஷ் இரண்டு, ரோலர் தட்டு, மினரல் டர்பன்டைன் ஐந்து லிட்டர், மாஸ்கிங் டேப், ரெட் ஆக்சைடு ப்ரைமர், பள்ளத்தை நிரப்ப ஹார்ட்னர் கலக்கிற பாலியெஸ்டர் பட்டி, 80, 180, 320 நம்பர் உப்புத்தாள், 400இலிருந்து 2000 வரை வாட்டர் பேப்பர், ரப்பிங் காம்பவுண்ட், பாலிஷ், பனியன் துணி. கார்ட்ரிட்ஜ் வைத்த மாஸ்க் ஒன்று. துணி மாஸ்க் தூசிக்கே சரியாக உதவாது, பெயிண்ட் வாடையை நிறுத்தவே நிறுத்தாது.

எப்போது, எங்கே

ஐப்பசி, கார்த்திகையில் மழை. மார்கழியில் பனி. ஆடியில் காற்றும் புழுதியும், ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும் என்கிறார்கள், பெயிண்ட் ஈரத்தில் மண் ஒட்டுவதைக் கேட்கவா வேண்டும். தை பாதியிலிருந்து பங்குனி வரைதான் நமக்கு நல்ல காலம். நாங்கள் முதல் தடவை மார்கழிக் கடைசியில் ஆரம்பித்துவிட்டோம். சாயங்காலம் நான்கு மணிக்கு பானட்டை அடித்து, கண்ணாடி மாதிரி இருக்கிறது என்று சந்தோஷமாகப் போய்ப் படுத்தோம். காலையில் பார்த்தால் பளபளப்பே இல்லை, சுண்ணாம்புத் தண்ணீர் தெளித்தது போல வெளுத்து நின்றது. பெயிண்ட் இறுகும் முன்னால் பனி இறங்கிவிட்டது. முழுசாகத் தேய்த்துவிட்டு மறுபடி அடித்தோம். அதனால் காலை எட்டு மணிக்கு மேல், தகடு மேல் ஈரம் இல்லாதபோது ஆரம்பித்து, பதினொரு மணிக்குள் அன்றைய கோட்டை முடித்துவிடுங்கள்.

வெயில் நேராக விழக் கூடாது. சூடான தகட்டில் பெயிண்ட் பட்டதும் இழுத்துக்கொள்ளும், ரோலர் போன தடமெல்லாம் அப்படியே நின்றுவிடும். மேலே கூரை, இரண்டு பக்கம் காற்றோட்டம், அவ்வளவு போதும். வேப்ப மரத்தடி வேண்டாம், பூ கொட்டும் பங்குனியில் நிச்சயமாக வேண்டாம். அடிப்பதற்கு அரை மணி நேரம் முன்பு தரையில் தண்ணீர் தெளித்துவிட்டால் தூசி எழும்பாது. கொசுவத்தி, ஊதுபத்தி, அடுப்பு எதுவும் பக்கத்தில் கூடாது.

கழற்றுவது, துருவைப் பார்ப்பது

கழற்ற முடிந்ததை எல்லாம் கழற்றுங்கள். பம்பர், க்ரில், ஹெட்லைட் வளையம், வைப்பர், கைப்பிடி, பக்கவாட்டுக் குரோம் பட்டை, எழுத்துகள். டேப் ஒட்டி ஒப்பேற்றிவிடலாம் என்று தோன்றும். ஒட்டிய இடத்தில் பெயிண்ட் விளிம்பு கட்டி, அங்கிருந்துதான் முதலில் உரியும். கழற்றிய ஸ்க்ரூ, கிளிப் எல்லாவற்றையும் தனித்தனிக் கவரில் போட்டு எந்த இடத்தினுடையது என்று எழுதி வையுங்கள். பத்மினி குரோம் பட்டையின் கிளிப் ஒன்று தொலைந்தால் அதைத் தேடி பழைய சாமான் கடைகளில் அலைய வேண்டியதுதான்.

அப்புறம் வண்டியை ஷாம்பு போட்டுக் கழுவி, காய்ந்த பின் டர்பன்டைன் நனைத்த துணியால் ஒரு தடவை, உடனே காய்ந்த துணியால் ஒரு தடவை துடையுங்கள். டயர் பாலிஷ், டேஷ்போர்டு பாலிஷில் உள்ள சிலிகான் தகட்டில் இருந்தால் பெயிண்ட் அந்த இடத்தை விட்டு விலகி மீன்கண் போலக் குழி விழும். ஆயுத பூஜைக்கு வருஷா வருஷம் சந்தனமும் குங்குமமும் வைத்த இடங்களை மறந்துவிடாதீர்கள், அங்கே எண்ணெய்ப் பிசுக்கு ஊறியிருக்கும். தலைக்கு எண்ணெய் தேய்த்த கையோடு தகட்டைத் தொட்டாலும் இதே கதைதான்.

இப்போது துரு. ஒரு சின்ன ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு கதவுக்குக் கீழே ஓடுகிற பகுதி, சக்கர வளைவுகளின் உள்விளிம்பு, பேட்டரி உட்காரும் இடம், டிக்கியின் அடித்தகடு, மிதியடிக்குக் கீழே என்று ஒவ்வொன்றாகக் குத்திப் பாருங்கள். டங் என்று கேட்டால் நல்லது. சொத சொத என்று உள்ளே போனால் அது பெயிண்ட் வேலை இல்லை, தகடு வேலை செய்கிற டிங்கரிடம் கொண்டுபோய் அழுகிய தகட்டை வெட்டிவிட்டுப் புதுத் தகடு வைத்து வெல்டு அடிக்க வேண்டும். ஓட்டையில் பட்டியை அடைத்து மேலே பெயிண்ட் அடித்தால் ஒரு மழைக்காலம் கூடத் தாங்காது. மேலோட்டமான துருவை 80 நம்பர் உப்புத்தாளால் பளபளவென்று இரும்பு தெரியும் வரை தேய்த்து, அன்றைக்கே ப்ரைமர் அடித்துவிடுங்கள். ஈரக்காற்று உள்ள ஊரில் வெறும் தகடு ஒரு ராத்திரியிலேயே செம்மண் நிறமாகிவிடும்.

பழைய பெயிண்ட் முழுவதையும் சுரண்ட வேண்டியதில்லை. பிடிப்பாக இருந்தால் 320இல் தேய்த்துப் பளபளப்பை மட்டும் எடுத்தால் போதும். உரிகிற இடம், வெடித்த இடம் மட்டும் இரும்பு வரை போக வேண்டும், விளிம்பு விரலில் தட்டுப்படாத அளவுக்குச் சரிவாக இறங்க வேண்டும். அந்தக் காலத்துப் பெயிண்டில் ஈயம் இருக்கலாம். வீட்டுப் பெயிண்டிலேயே ஈயத்தைக் கட்டுப்படுத்தும் விதி நம் நாட்டில் 2016இல்தான் வந்தது. அதனால் பழைய பெயிண்டைத் தண்ணீர் விட்டுத்தான் தேய்க்க வேண்டும், மாஸ்க் போட வேண்டும், அந்தச் சேற்றைக் குழந்தைகள் விளையாடும் மண்ணில் ஊற்றக் கூடாது.

பட்டியும் ப்ரைமரும்

பள்ளங்களுக்குப் பட்டி. ஹார்ட்னரை டப்பாவில் சொன்ன அளவுதான் போட வேண்டும். கலந்த பிறகு பத்து நிமிஷத்தில் கல்லாகிவிடும் என்பதால் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்துகொள்ளுங்கள். 80 நம்பரில் கீறிய வெறும் தகட்டில் தேய்க்க வேண்டும், ரெட் ஆக்சைடு மேல் வேண்டாம். மறக்கக் கூடாத விஷயம், பட்டியைக் காய்ந்த நிலையில்தான் தேய்க்க வேண்டும். அது ஸ்பஞ்ச் மாதிரி தண்ணீரைக் குடித்துக்கொள்ளும், மேலே பெயிண்ட் அடித்த சில மாதத்தில் அந்தத் தண்ணீர் கொப்புளமாக எழும்பும். தண்ணீர் விட்டுத் தேய்ப்பதெல்லாம் ப்ரைமர் அடித்து மூடிய பிறகு.

உப்புத்தாளை வெறும் விரலால் பிடித்துத் தேய்த்தால் விரல் தடம் வரிவரியாகப் பள்ளம் விழும். பெயிண்டர்கள் பழைய ரப்பர் செருப்பின் அடிப்பாகத்தை உள்ளங்கை அளவுக்கு வெட்டி, அதில் தாளைச் சுற்றித் தேய்ப்பார்கள். இதைவிட நல்ல கட்டை எனக்குக் கிடைக்கவில்லை. வளைவில் வளையும், சமதளத்தில் சமமாக நிற்கும்.

ப்ரைமரையும் ரோலரிலேயே இரண்டு கோட் அடியுங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு ராத்திரி இடைவெளி. காய்ந்த பின் நாங்கள் செய்தது: கரித்தூளை மெல்லிய துணியில் தொட்டு ப்ரைமர் முழுக்கப் பூசிவிட்டு, 400 வாட்டர் பேப்பரில் தேய்த்தோம். மேடான இடத்தில் கரி போய்விடும், பள்ளத்தில் மட்டும் கறுப்பாகத் தங்கும். கண்ணுக்கும் கைக்கும் தெரியாத பள்ளமெல்லாம் அப்போதுதான் தெரிகிறது. ஓட்டுநர் பக்கக் கதவு சரியாக இருக்கிறது என்றுதான் நினைத்திருந்தோம், கரி பூசித் தேய்த்ததும் கைப்பிடிக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கறுப்பு வட்டம் நின்றது. எத்தனையோ வருஷம் முழங்கையால் இடித்து இடித்துக் கதவை மூடிய இடம் அது. பள்ளம் தெரிந்த இடத்தில் ப்ரைமரை எடுத்துவிட்டு மறுபடி பட்டி, மறுபடி ப்ரைமர். இந்தக் கட்டத்தில் அவசரப்பட்டால் கடைசி வரை அது கண்ணை உறுத்திக்கொண்டே இருக்கும், ஏனென்றால் பளபளப்பு ஏற ஏறப் பள்ளமும் எடுப்பாகத் தெரியும்.

ரோலரைக் கையில் எடுப்பது

பெயிண்டை நன்றாகக் கலக்கி, நைலான் துணியில் வடிகட்டி, ஒரு லிட்டருக்கு 150 மில்லி டர்பன்டைனில் ஆரம்பியுங்கள். தின்னர் கூடாது, ஸ்பஞ்ச் ஊறிப் பிய்ந்துவிடும், அடிக் கோட்டும் எழும்பும். கலந்ததை நேராக வண்டியில் அடிக்காமல் ஏதாவது பழைய தகட்டைச் செங்குத்தாக நிறுத்தி அடித்துப் பாருங்கள். உருட்டியவுடன் சின்னச் சின்னக் குமிழிகள் வரும். ஒரு நிமிஷத்துக்குள் அவை தானாக உடைந்து மட்டமானால் பதம் சரி. உடையாமல் நின்றால் இன்னும் கொஞ்சம் டர்பன்டைன். கண்ணீர் மாதிரி வழிந்தால் தண்ணீராகிவிட்டது, பெயிண்டைச் சேர்க்க வேண்டும். வெயில் ஏற ஏறத் தட்டில் உள்ள பெயிண்ட் கெட்டியாகும், அதனால் அரை மணிக்கு ஒரு தடவை பதம் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் கதவு ஓரங்கள், சந்துகள், கூரை ஓரத்தில் மழைத் தண்ணீர் வடிகிற பள்ளம் இதையெல்லாம் பிரஷில் முடித்துவிடுங்கள். அப்புறம் கூரை, பானட், டிக்கி, கதவுகள், மட்கார்டுகள், கடைசியில் கீழ்ப்பகுதி. கூரைக்கு இரண்டு பேர் வேண்டும், ஆளுக்கொரு பக்கம் நின்று நடுவில் சேர வேண்டும். ஒருவரே செய்தால் சுற்றிப் போவதற்குள் ஓரம் காய்ந்து நடுவில் ஒரு கோடு விழுந்துவிடும். ஒரு பாகத்தை ஆரம்பித்தால் அதன் விளிம்பு வரை முடிக்காமல் நிறுத்தக் கூடாது. போன் அடித்தாலும் எடுக்க வேண்டாம்.

ரோலரைத் தட்டில் தோய்த்து, தட்டின் மேட்டுப் பக்கத்தில் நன்றாக உருட்டிப் பிழிந்துவிட்டு, ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி இடத்தில் வேகமாகக் குறுக்கும் நெடுக்கும் பரப்புங்கள். அடுத்து அதே இடத்தில், அழுத்தமே இல்லாமல், ரோலர் தன் எடையில் தானே உருளும்படி ஒரே திசையில் மெதுவாகக் கொண்டுபோங்கள். பிரஷின் நுனி மட்டும் படும்படி அதே திசையில் ஒரு இழுப்பு. அதோடு கையை எடுத்துவிட வேண்டும். திரும்பிப் பார்த்துவிட்டு, அங்கே ஒரு சின்னப் புள்ளி இருக்கிறதே என்று மறுபடி போய்த் தொட்டால் அந்த இடம் கெட்டது. பூச்சி உட்கார்ந்தாலும் விட்டுவிடுங்கள், காய்ந்த பிறகு தேய்த்தால் தடமில்லாமல் போய்விடும், ஈரத்தில் எடுத்தால் குழியாகும்.

முதல் கோட் முடிந்ததும் வண்டி பார்க்கச் சகிக்காது. கீழே உள்ள செம்மண் நிறம் திட்டுத் திட்டாகத் தெரியும், மோர் தெளித்த மாதிரி இருக்கும். அப்படித்தான் இருக்க வேண்டும், முதல் கோட்டிலேயே நிறம் மூடினால் தடிமனாக அடித்துவிட்டீர்கள் என்று அர்த்தம். மறுநாள் காலை இரண்டாவது கோட். நகத்தால் அழுத்தினால் தடம் விழாத அளவுக்குக் காய்ந்ததும், பெரும்பாலும் இன்னும் ஒன்றிரண்டு நாள் ஆகும், 600 வாட்டர் பேப்பரில் லேசாகத் தேய்த்து மட்டப்படுத்துங்கள். மறுபடி இரண்டு கோட், இப்போது 800. மறுபடி இரண்டு. ஒவ்வொரு தடவையும் தேய்த்த தண்ணீரைச் சுத்தமாகக் கழுவித் துடைத்து, சந்துகளில் ஈரம் இல்லாமல் காயவிட்டுத்தான் அடுத்த கோட். பாகங்களின் கூரான விளிம்புகளில் தேய்க்கும் முன் டேப் ஒட்டிவிடுங்கள், அங்கேதான் பெயிண்ட் முதலில் தேய்ந்து இரும்பு தெரியும். கண்ணாடி ஓரத்தில் ஒட்டிய மாஸ்கிங் டேப்பை பெயிண்ட் முழுக்க இறுகும் முன்னால், அன்றைக்கே உரித்துவிடுங்கள், ஒரு வாரம் விட்டால் பெயிண்டையும் சேர்த்து உரிக்கும்.

பெயிண்டும் டர்பன்டைனும் தோய்ந்த துணிகளை மூலையில் குவியலாகப் போடாதீர்கள். இந்தப் பெயிண்டில் உள்ள எண்ணெய் காயும்போது சூடாகும், குவியலுக்குள் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் தானாகவே தீப்பிடிக்கும். தண்ணீர் வாளியில் போடுங்கள், அல்லது கொடியில் தனித்தனியாக விரித்துக் காயவிடுங்கள்.

மெருகு

கடைசிக் கோட் முடிந்தால் ஒரு மாதம் வண்டியைத் தொட வேண்டாம். ஓட்டலாம், வெயிலில் நிறுத்தலாம், வெயில் பட்டால் நல்லதுதான். தேய்க்க மட்டும் கூடாது. தொட்டால் காய்ந்தது போல இருக்கும், உள்ளே இன்னும் இறுகிக்கொண்டிருக்கும்.

ஒரு மாதம் கழித்து 1000, 1500, 2000 என்று வரிசையாக, இரண்டு சொட்டு ஷாம்பு விட்ட தண்ணீரில். முதலில் பளபளப்பு முழுவதும் போய் வண்டி மங்கலாகிவிடும், மனசு திக்கென்று இருக்கும். சாய்ந்த வெளிச்சத்தில் பார்த்தால் இன்னும் பளபளவென்று தெரிகிற சின்னப் புள்ளிகள் இருக்கும், அவைதான் பள்ளங்கள். அவையும் மங்கும் வரை தேய்த்து, அதோடு நிறுத்துங்கள். பிறகு ரப்பிங் காம்பவுண்டை நனைந்த பனியன் துணியில் எடுத்து ஒரு சதுர அடியாகக் கையால் தேய்க்கத் தேய்க்க அந்த மங்கல் விலகும். எங்கள் பானட்டில் முதலில் தெரிந்தது போர்ட்டிகோ டியூப்லைட், நெளிநெளியாக. இன்னும் பத்து நிமிஷம் தேய்த்தபோது அது நேர்கோடாகிவிட்டது. தம்பியைக் கூப்பிட்டுக் காட்டினேன், அவன் ஒன்றும் பேசாமல் இன்னொரு துணியை எடுத்துக்கொண்டு டிக்கி பக்கம் போய்விட்டான். மெஷின் வைத்து பஃபிங் செய்தால் சீக்கிரம் முடியும். ஆனால் எனாமல் சூடு தாங்காது, ஒரே இடத்தில் நிறுத்தினால் கருகும், அதனால் முதல் தடவை கையாலேயே செய்யுங்கள். வாக்ஸ் போடுவதை இன்னும் இரண்டு மாதம் தள்ளி வையுங்கள்.

நிறத்தை மாற்றுகிறீர்கள் என்றால் ஆர்.சி.யில் எழுதியிருக்கும் நிறத்தையும் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் மாற்றிப் பதிய வேண்டும். பதினைந்து வருஷம் தாண்டிய வண்டிக்கு ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை பதிவைப் புதுப்பிக்கப் போகும்போது, வண்டியின் நிறமும் ஆர்.சி.யில் உள்ள நிறமும் ஒத்துப்போகாவிட்டால் அங்கேயே நிறுத்திவிடுவார்கள். அதே நிறத்தில் அடித்தால் இந்த வேலை இல்லை.

ரப்பர் பீடிங் வெடித்திருந்தால் குரோம் மாட்டும் முன்பே புதிது போட்டுவிடுங்கள். மீதிப் பெயிண்டைச் சின்ன டப்பாவில் விளிம்பு வரை நிரப்பி, காற்று போகாமல் மூடி, மேலே நிறத்தின் எண்ணையும் எவ்வளவு டர்பன்டைன் கலந்தீர்கள் என்பதையும் எழுதி வையுங்கள். ஒரு தடவை கோயில் வாசலில் ஒரு சைக்கிள் எங்கள் வண்டியின் பின்மட்கார்டில் உரசிவிட்டுப் போனது. அந்த டப்பாவைத் திறந்து, மூன்று நாளில் மூன்று கோட் வைத்து, பின்னர் ஒரு ஞாயிற்றுக்கிழமை தேய்த்துவிட்டேன். எந்த இடம் என்று இப்போது எனக்கே தேடித்தான் பார்க்க வேண்டும்.